மலேரியா மருந்து ஆராய்ச்சியில் ஒரு வாழ்க்கை: பெங்களூரிலிருந்து சில பதில்கள்

பெங்களூரில் மலேரியாவுக்கும் காசநோய்க்கும் மருந்து தேடும் வேலையில் இருக்கிறேன். அல்சூர் தமிழ்ச் சங்கத்துப் பக்கம் போய் மாணவர்களிடம் பேசினாலும் சரி, கோடை விடுமுறையில் லேபுக்கு வரும் தமிழ்நாட்டுப் பிள்ளைகளிடமோ அவர்களைக் கொண்டுவந்து விடும் பெற்றோரிடமோ பேசினாலும் சரி, கேட்கிற கேள்விகள் அநேகமாக ஒன்றேதான். அவசரத்தில் பாதிப் பதில் சொல்லி அனுப்பிவிட்டோமே என்று பிறகு மனதை உறுத்தும். அதனால் நிதானமாக எழுதி வைக்கிறேன்.

மலேரியாவுக்குத்தான் மருந்து இருக்கிறதே, இன்னும் எதற்கு ஆராய்ச்சி?

இருக்கிறது, நல்ல மருந்துகளே இருக்கின்றன. காய்ச்சல் வந்தவுடன் ரத்தப் பரிசோதனை செய்து, சரியான மாத்திரையைச் சொன்ன நாள்வரை விடாமல் சாப்பிட்டால் பெரும்பாலோர் பிழைத்துக்கொள்வார்கள். ஆனால் மலேரியா மருந்து எதற்கும் நிரந்தர ஆயுள் கிடையாது. இன்றைக்கு வேலை செய்வது இருபது வருடம் கழித்தும் செய்யும் என்று யாரும் எழுதிக் கொடுக்க முடியாது.

1820ல் பாரிஸில் பெல்லெட்டியேவும் காவெந்துவும் சின்கோனா பட்டையிலிருந்து குயினைனைப் பிரித்தெடுத்தார்கள். அந்த மரத்தை 1860களில் நீலகிரிக்குக் கொண்டுவந்து தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் தோட்டம் போட்டது ஆங்கிலேய அரசு. அதற்குப் பிறகு வந்த குளோரோகுயின் மலிவானது, மூன்றே நாள் மருந்து. உலகத்தில் மலேரியாவையே ஒழித்துவிடலாம் என்று நம்ப வைத்த மருந்து அது. 1950களின் இறுதியில் தாய்லாந்து–கம்போடியா எல்லையில், மலேரியா வகைகளில் மிகக் கொடியதான ஃபால்சிபாரம் ஒட்டுண்ணி அதற்கு மசியாமல் போனது. இந்தியாவில் 1973ல் அசாமில் அதே எதிர்ப்பு தெரிந்தது. ஆப்பிரிக்காவுக்கு அது பரவியபோது செத்தவர்களில் பெரும்பாலோர் குழந்தைகள்.

இப்போது நம் கையில் இருப்பது ஆர்ட்டெமிசினின் வகை மருந்தோடு இன்னொன்றைச் சேர்த்துத் தரும் கூட்டு மருந்து. அதிலும் கெல்ச்13 என்கிற மரபணுவில் மாற்றம் வந்து, ஒட்டுண்ணி சாகத் தாமதமாகும் நிலை முதலில் கம்போடியாவில் தெரிந்தது. ருவாண்டாவிலும் உகாண்டாவிலும் அதே போன்ற மாற்றம் பிறகு தனியாகவே தலைதூக்கியிருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2023ல் மட்டும் சுமார் 26.3 கோடிப் பேருக்கு மலேரியா வந்தது, 5,97,000 பேர் இறந்தார்கள். அடுத்த மருந்தை இப்போதே தயாராக வைத்திருக்காவிட்டால் குளோரோகுயின் கதை திரும்ப நடக்கும். என்னை இந்த வேலையில் பிடித்து வைத்திருப்பது இந்த ஒரு கவலைதான்.

நம் ஊருக்கு வைவாக்ஸ் என்ற இன்னொரு வகை மலேரியா ஒட்டுண்ணி தனிக் கவலை. இது கல்லீரலில் போய்த் தூங்கும். காய்ச்சல் விட்டு மாதக்கணக்கில் கழித்து, கொசு கடிக்காமலேயே திரும்ப எழும்பும். மாடித் தண்ணீர்த் தொட்டியில் முட்டையிடும் ஸ்டெஃபென்சி கொசுவால் சென்னையில் பல காலம் மலேரியா இருந்துகொண்டே இருந்ததும், மங்களூரில் கட்டட வேலை செய்கிறவர்களிடையே விடாமல் சுற்றிவந்ததும் பெரும்பாலும் இந்த வைவாக்ஸால்தான். தூங்கும் ஒட்டுண்ணியைக் கொல்ல பிரைமாகுயினை 14 நாள் சாப்பிட வேண்டும். காய்ச்சல் விட்டபின் 14 நாள் மாத்திரையை யார் ஒழுங்காகச் சாப்பிடுகிறார்கள்? அதோடு, ஜி6பிடி என்ற என்சைம் குறைவாக உள்ளவர்களுக்கு அந்த மருந்து சிவப்பணுக்களையே உடைத்துவிடும். ஒரே வேளை மருந்தான டாஃபெனோகுயின் 2018ல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அதற்கும் முன்னால் இந்த என்சைம் பரிசோதனை கட்டாயம். தூங்கும் ஒட்டுண்ணியை இந்த ஆபத்து இல்லாமல் எழுப்பாமலே கொல்லும் மருந்து இன்னும் யாரிடமும் இல்லை. இளைஞர்கள் யாராவது வாழ்நாள் பிரச்சினை ஒன்று வேண்டும் என்று கேட்டால் இதைத்தான் காட்டுவேன்.

தினமும் லேபில் என்னதான் செய்வீர்கள்?

காலையில் முதல் வேலை கல்ச்சரை, அதாவது ஃபிளாஸ்கில் வளர்க்கும் ஒட்டுண்ணியைப் பார்ப்பது. ஃபால்சிபாரத்தை உடலுக்கு வெளியே மனித சிவப்பணுவில் விடாமல் வளர்க்கும் வழியை 1976ல் டிரேகரும் ஜென்சனும் கண்டுபிடித்தார்கள். மூடிய கண்ணாடி ஜாடிக்குள் மெழுகுவர்த்தியை ஏற்றி, அது தானாக அணையும்போது ஆக்சிஜன் குறைந்து கார்பன் டை ஆக்சைடு கூடியிருக்கும். ஒட்டுண்ணிக்கு அந்தக் காற்றுதான் பிடிக்கும். பணமில்லாத லேப்கள் நெடுங்காலம் இந்த மெழுகுவர்த்தி ஜாடியை வைத்தே நல்ல ஆராய்ச்சி செய்திருக்கின்றன. எங்களிடம் கலந்த வாயு சிலிண்டர் இருக்கிறது.

ஃபிளாஸ்கிலிருந்து ஒரு துளி எடுத்து ஸ்லைடில் இழுத்து, மெத்தனாலில் நிலைநிறுத்தி, கீம்சா சாயத்தில் ஊறவைத்துக் கழுவிக் காயவைப்போம். எண்ணெய் விட்டு நூறு மடங்கு லென்ஸில் பார்த்தால் இளஞ்சிவப்பு வட்டங்களுக்குள் கல் வைத்த மோதிரம் போல மெல்லிய நீல வளையமும் ஒரு சிவப்புப் புள்ளியும் தெரியும். அதுதான் ரிங். ஒரு நாள் கழித்துப் பார்த்தால் அது கொழுத்து, நடுவில் கரும்பழுப்பு நிறமி சேர்ந்திருக்கும். நம் ஹீமோகுளோபினைத் தின்று, மிஞ்சும் நச்சு ஹீமைப் படிகமாக்கி ஒதுக்கிவைத்ததுதான் அந்த நிறமி. குளோரோகுயின் கெடுப்பது இந்தப் படிகமாக்கும் வேலையைத்தான். 48 மணி நேரம் முடியும்போது ஒன்று இருபது முப்பதாகப் பிரிந்து, அணுவை வெடித்துக்கொண்டு வெளியே வரும். நோயாளிக்கு நடுக்கம் வருவது இந்த நேரத்தில்.

ஆரோக்கியமான ரிங்குக்கும் சாகப்போகிற ரிங்குக்கும் உள்ள வித்தியாசத்தை எந்தப் புத்தகமும் முழுதாகச் சொல்லித் தராது. உட்கார்ந்து ஸ்லைடு ஸ்லைடாகப் பார்த்தால்தான் கண்ணுக்குப் பழகும். புதிதாக வருகிறவர்களை முதலில் மைக்ரோஸ்கோப் முன்னால்தான் உட்கார வைப்பேன். அதில் பொறுமை இருந்தால் மற்றதெல்லாம் கற்றுக்கொள்ளலாம்.

மருந்துச் சோதனைக்கு எல்லா ஒட்டுண்ணியும் ஒரே பருவத்தில் இருக்க வேண்டும். 5 சதவீத சார்பிடால் கரைசலில் சில நிமிடம் வைத்தால் வளர்ந்தவை உடைந்துபோய் ரிங் மட்டும் மிஞ்சும். அவற்றை 96 குழி அல்லது 384 குழித் தட்டுகளில் ஊற்றி, காம்பவுண்டை, அதாவது மருந்தாகுமா என்று பார்க்கும் ரசாயனத்தை, படிப்படியாக நீர்த்துச் சேர்த்து, 72 மணி நேரம் கழித்து டிஎன்ஏவோடு ஒட்டி ஒளிரும் சாயத்தைப் போட்டு அளப்போம். முதிர்ந்த சிவப்பணுவில் டிஎன்ஏ கிடையாது, அதனால் ஒளிர்வதெல்லாம் ஒட்டுண்ணியுடையது. எவ்வளவு மருந்தில் பாதி வளர்ச்சி நிற்கிறது என்பதுதான் அன்றாடம் நாங்கள் வாய் ஓயாமல் பேசும் எண்.

மீதி நேரம் வேதியியல் ஆட்களோடு வாக்குவாதம், எக்செல், மீட்டிங். ஞாயிறும் தீபாவளியும் ஒட்டுண்ணிக்குத் தெரியாது. மீடியத்தை, அதாவது ஒட்டுண்ணி வளரும் திரவத்தை, மாற்ற யாராவது ஒருவர் போயே ஆக வேண்டும். முறை வைத்துக்கொள்வோம்.

மலேரியா எங்கள் பிள்ளைக்கு ஒட்டிக்கொள்ளாதா?

மலேரியா இருமலாலோ தொடுவதாலோ பரவாது. கொசு வேண்டும், இல்லையென்றால் நோயுள்ள ரத்தம் நேராக உடம்புக்குள் போக வேண்டும். லேபில் உள்ள ஆபத்து ஊசிக்குத்துதான். அதனால் ஊசியும் உடையும் கண்ணாடியும் முடிந்தவரை தவிர்க்கப்படும், தவறிக் குத்திக்கொண்டால் உடனே செய்ய வேண்டியது சுவரில் ஒட்டியிருக்கும். காசநோய்க் கிருமி விஷயம் வேறு. அது காற்றில் பரவும். அதற்குக் காற்றழுத்தம் குறைத்த தனி அறை, தனி உடுப்பு, முகமூடி, தனிப் பயிற்சி எல்லாம் உண்டு. பயிற்சி முடிக்காமல் யாரையும் உள்ளே விட மாட்டார்கள். விடுகிற இடம் என்றால் அங்கே சேராதீர்கள்.

ஒட்டுண்ணியைக் கொன்றால் அது மருந்துதானே? ஏன் பத்துப் பதினைந்து வருடம் ஆகிறது?

பிளீச்சிங் பவுடரும் கொல்லும். கொல்வது முதல் படி மட்டும்தான். மனித அணுவைத் தொடாமல் விட வேண்டும். தண்ணீரில் கரைய வேண்டும், குடலிலிருந்து ரத்தத்தில் சேர வேண்டும். கல்லீரல் என்சைம்கள் அரைமணியில் அதைச் சிதைத்துவிடக் கூடாது. இதயத் துடிப்பை நடத்தும் ஹெர்க் என்ற பொட்டாசியம் வாயிலை அடைக்கக் கூடாது. எத்தனையோ நல்ல மலேரியா காம்பவுண்டுகள் இந்த ஒரு வாயிலில் அடிபட்டுப் போயிருக்கின்றன. பிறகு எலி. எலிக்கு மலேரியா தரும் பெர்கை ஒட்டுண்ணியில் பார்ப்போம், அல்லது மனித சிவப்பணு ஏற்றிய எலியில் ஃபால்சிபாரத்தையே வைத்துப் பார்ப்போம்.

அதற்குமேல் இந்த நோய்க்கென்றே சில நிபந்தனைகள் உண்டு. சாப்பிடப்போவது பெரும்பாலும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை. கர்ப்பிணிக்கும் கொடுக்க முடிய வேண்டும். ஃபிரிட்ஜ் இல்லாத ஆரம்ப சுகாதார நிலையத்தில் கெடாமல் இருக்க வேண்டும். வெப்பமும் ஈரமும் அதிகமுள்ள நாடுகளுக்கு 30 டிகிரி வெப்பம், 75 சதவீத ஈரப்பதத்தில் வைத்துத் தாங்குகிறதா என்று பார்ப்பது வழக்கம். விலை கூலித்தொழிலாளிக்குக் கட்டுப்படியாக வேண்டும். முடிந்தால் ஒரே வேளையில் நோய் தீர வேண்டும். புற்றுநோய் மருந்து செய்கிறவர்களுக்கு இத்தனை கட்டு இல்லை.

என் அபிப்பிராயத்தில், எதிர்ப்பு எவ்வளவு சுலபமாக வருகிறது என்ற சோதனையை இன்னும் முன்னாலேயே செய்ய வேண்டும். கோடிக்கணக்கான ஒட்டுண்ணிகளை மருந்தில் வாரக்கணக்கில் வைத்து, தப்பிப் பிழைப்பது எத்தனை என்று பார்ப்பது. ஒட்டுண்ணி அநாயாசமாகத் தப்பித்தால் அந்தக் காம்பவுண்டை அன்றைக்கே கைவிட மனம் வர வேண்டும். இரண்டு வருடம் உழைத்த வேதியியலாளரிடம் அதைச் சொல்வதுதான் எங்கள் தொழிலில் கடினமான காரியம்.

முதலில் டார்கெட்டை (ஒட்டுண்ணிக்குள் மருந்து தாக்க வேண்டிய இலக்கை) பிடிக்க வேண்டுமா, கொல்லும் காம்பவுண்டைப் பிடிக்க வேண்டுமா?

இதற்கு இரண்டு பெங்களூர்க் கதைகளைச் சொல்கிறேன். இரண்டும் எனக்குப் பெரிய பாடங்கள்.

பெங்களூரின் இந்திய அறிவியல் நிறுவனமான ஐஐஎஸ்சியில் ஜி. பத்மநாபன், சென்னையில் பிறந்தவர், பின்னாளில் அந்த நிறுவனத்துக்கே இயக்குநராக இருந்தவர். ஒட்டுண்ணி நம் ஹீமோகுளோபினுக்குள்ளேயே மூழ்கிக் கிடக்கிறது, அத்தனை ஹீம் சுற்றி இருக்கிறது. இருந்தும் தனக்கான ஹீமைத் தானே தயாரிக்கிறது என்று 1990களின் தொடக்கத்தில் அவரது குழு காட்டியது. அப்படியானால் அந்தத் தயாரிப்பைத் தடுத்தால் ஒட்டுண்ணி சாகுமே! பல வருடம் அந்தப் பாதையில் வேலை நடந்தது. 2013ல் அவர் குழுவே மரபணுவை நீக்கிப் பார்த்து வெளியிட்டது: ரத்தப் பருவத்தில் அந்தத் தயாரிப்பு இல்லாமலும் ஒட்டுண்ணி சமாளித்துக்கொள்கிறது, நம் ஹீமை எடுத்துக்கொள்கிறது. கொசுவிலும் கல்லீரலிலும்தான் அது இல்லாமல் முடியாது. இருபது வருடம் தாங்கள் தொடர்ந்த கேள்விக்கு வந்த பதிலை அப்படியே எடுத்து வைத்தார்கள். விஞ்ஞானம் என்றால் எனக்கு அந்தக் கட்டுரைதான் நினைவுக்கு வரும்.

இரண்டாவது கொழுப்பமிலக் கதை. 2001ல் நமிதா சுரோலியாவும் அவதேஷ் சுரோலியாவும், அப்போது சோப்பிலும் பற்பசையிலும் போட்டுவந்த கிருமிநாசினியான டிரைக்ளோசான் மலேரியா ஒட்டுண்ணியைத் தடுக்கிறது, கொழுப்பமிலம் தயாரிக்கும் பாதை ஒட்டுண்ணியில் இருக்கிறது என்று காட்டினார்கள். உலகம் முழுக்க லேப்கள் அந்தப் பாதைக்குப் பாய்ந்தன. 2008–09 வாக்கில் மரபணு நீக்கிய ஒட்டுண்ணிகள் ரத்தத்தில் நன்றாகவே வளர்வது தெரிந்தது. அந்தப் பாதை கல்லீரல் பருவத்தின் கடைசியில்தான் இன்றியமையாதது. முதல் கண்டுபிடிப்பு வீண் போகவில்லை. கல்லீரல் பருவத்தில் செயலிழக்கும் ஒட்டுண்ணியைத் தடுப்பூசியாக்கலாமா என்ற யோசனைக்கு அதே பாதை உதவியிருக்கிறது.

அதனால் என் பதில்: டார்கெட் மேல் ஆசை வைக்கலாம், ஆனால் அதை நீக்கிவிட்டால் எந்தப் பருவத்தில் ஒட்டுண்ணி சாகிறது என்று பார்க்கும்வரை பணத்தைக் கொட்டக் கூடாது. இன்று மனிதர்களிடம் சோதனைக்குப் போயிருக்கும் பல மலேரியா மருந்துகள் டார்கெட் தெரியாமல், முழு ஒட்டுண்ணியைக் கொல்லும் காம்பவுண்டைத் தேடிப்போய்க் கிடைத்தவை. சிபார்கமின் அப்படித்தான் வந்தது. சோடியத்தை வெளியேற்றும் ஒரு பம்ப்தான் அதன் இலக்கு என்று பிறகுதான் தெரிந்தது.

பெங்களூரில் இதற்கு என்ன இருக்கிறது?

நிறைய. ஐஐஎஸ்சியில் தொற்றுநோய் ஆராய்ச்சி மையம், ஜக்கூரில் ஜவாஹர்லால் நேரு மையம், ஜிகேவிகே வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் உயிரியல் ஆராய்ச்சிக்கான என்சிபிஎஸ், அதை ஒட்டி ஸ்டார்ட்அப்களுக்கு இடம் தரும் சி-கேம்ப். பொம்மசந்திரா பக்கம் போனால் வெளிநாட்டு நிறுவனங்களுக்காக மருந்து ஆராய்ச்சி செய்யும் சின்ஜீன். தேசிய மலேரியா ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைமையகம் டெல்லியில், களப் பிரிவுகள் பெங்களூரிலும் சென்னையிலும் உண்டு. லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனமான சிடிஆர்ஐ இந்த வட்டாரத்தில் இல்லை, ஆனால் இந்தியாவில் மலேரியா மருந்து என்று பேசினால் ஆர்ட்டெமிசினின் வகை மருந்தான ஆர்ட்டீத்தரைத் தந்த அந்த இடத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது.

கம்பெனியை மூடிவிட்டால் என்ன செய்வது?

பெற்றோர் கேட்பது இதுதான், நியாயமான கேள்வியும் கூட. மூடுவார்கள். ஏழைகளின் நோயில் லாபம் குறைவு, அதனால் பெரிய நிறுவனங்கள் எந்த நேரமும் கையை விரித்துவிடலாம். 2014ல் ஆஸ்ட்ராஜெனெக்கா என்ற பன்னாட்டு மருந்து நிறுவனம், பெங்களூர் ஹெப்பாளில் மலேரியாவுக்கும் காசநோய்க்கும் மருந்து தேடிவந்த தன் ஆராய்ச்சி மையத்தை மூடியது. இந்தியாவிலேயே இந்தத் துறையில் அவ்வளவு தேர்ந்த ஆட்கள் ஒரே கூரையின் கீழ் இருந்த இடம் வேறு இல்லை என்று சொல்லலாம்.

ஆனால் அதற்குப் பிறகு நடந்ததையும் பார்க்க வேண்டும். அங்கே கண்டுபிடித்த டிரைஅமினோபிரிமிடின் என்ற மலேரியா காம்பவுண்ட் 2015ல் ஆய்விதழில் வெளியானது. ஜெனீவாவின் எம்எம்வி, 1999ல் மலேரியா மருந்துக்கென்றே தொடங்கிய லாபநோக்கற்ற அமைப்பு, அந்த வேலைக்குத் துணை நின்றது. காம்பவுண்டை அகமதாபாத்தின் சைடஸ் எடுத்துக்கொண்டு, இசட்ஒய்-19489 என்ற பெயரில் ஆஸ்திரேலியாவில் தன்னார்வலர்களிடம் சோதித்தது. அங்கேயே பிறந்த டிபிஏ-7371 என்ற காசநோய்க் காம்பவுண்டும் மனிதர்களிடம் சோதனைக்குப் போனது. அங்கிருந்து வெளியே வந்த ஆட்கள் பெங்களூரிலேயே பக்வொர்க்ஸ் போன்ற நிறுவனங்களைத் தொடங்கி, எதிர்ப்பு பெற்ற பாக்டீரியாக்களுக்கு ஆன்டிபயாடிக் தேடுகிறார்கள். இன்று நான் யாரோடு பேசினாலும் அவர் அந்த மையத்தில் வேலை கற்றவராகவோ, கற்றவரிடம் கற்றவராகவோ இருக்கிறார்.

அதனால் சேரும்போதே மனதில் ஒன்றைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள். கம்பெனியையோ ஒரு மூலக்கூறையோ பிடித்துக்கொள்ளாதீர்கள், நோயைப் பிடித்துக்கொள்ளுங்கள். மலேரியாவை, அதன் பருவங்களை, எதிர்ப்பு வரும் வழிகளை ஆழமாகத் தெரிந்தவருக்கு ஒரு கதவு அடைத்தால் இன்னொன்று திறக்கிறது. நானும் ஒருமுறை திட்டம் நின்று வேலை மாறியிருக்கிறேன். அந்த ஆறேழு மாதம் வீட்டுக் கடனை நினைத்துத் தூக்கம் வரவில்லை என்பது உண்மை. அதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

கெமிஸ்ட்ரி படிப்பதா, பயாலஜி படிப்பதா?

எது உங்களுக்குத் தூக்கம் வராமல் படிக்க முடிகிறதோ அது. மருந்துத் துறையில் செயற்கை முறையில் காம்பவுண்ட் செய்யும் வேதியியலாளருக்கு வேலை வாய்ப்பு அதிகம், இது நிதர்சனம். உயிரியல் படித்தவருக்குப் பிஎச்டி இல்லாமல் மேலே போவது கஷ்டம். பி.எஸ்சி. முடித்தவர்கள் ஜாம் தேர்வு எழுதி ஐஐஎஸ்சியின் ஒருங்கிணைந்த பிஎச்டிக்குப் போகலாம். எம்.எஸ்சி. முடித்தவர்களுக்கு நெட்-ஜேஆர்எஃப், கேட் போன்ற தேர்வுகள். பி.பார்ம்., எம்.பார்ம். படித்தவர்களும் கால்நடை மருத்துவர்களும் எங்களுக்கு வேண்டும், எலிச் சோதனையில் கால்நடை மருத்துவர் இல்லாமல் ஒன்றும் ஓடாது. எம்பிபிஎஸ் படித்தவர்கள் இந்தப் பக்கம் வருவது மிகக் குறைவு. நோயாளியைப் பார்த்தவர் ஒருவர் மீட்டிங்கில் இருந்தால் பேச்சே மாறும், அதனால் தயவுசெய்து வாருங்கள்.

புள்ளியியலை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

தமிழ் வழியில் படித்தேன், இங்கிலீஷ் தகராறு. முடியுமா?

முடியும். என்னோடு வேலை பார்ப்பவர்களில் அரசுப் பள்ளியில் பன்னிரண்டாவது வரை தமிழில் படித்தவர்கள் இருக்கிறார்கள். ஆய்வுக்கட்டுரையின் ஆங்கிலம் சின்ன ஆங்கிலம். ஒரே மாதிரி வாக்கியங்கள்தான் சுற்றிச் சுற்றி வரும். ஆறு மாதம் தினம் ஒரு கட்டுரை படித்தால் பிடிபட்டுவிடும். பேசுவதற்கு வெட்கப்படாமல் இருப்பதுதான் முக்கியம். நேர்காணலில் நான் பார்ப்பது ஒன்றுதான்: புரியாத கேள்விக்கு ‘புரியவில்லை, இன்னொருமுறை சொல்லுங்கள்’ என்று கேட்கிறாரா, தலையாட்டிவிட்டு எதையோ சொல்கிறாரா? கேட்கிறவரைத்தான் எடுப்பேன். பெங்களூரில் கன்னடம் நான்கு வார்த்தை கற்றுக்கொண்டால் ஸ்டோரிலும் மெஸ்ஸிலும் மரியாதை கூடும், வேலையும் நடக்கும்.

சம்பளம் எப்படி?

பிஎச்டி காலத்தில் இளநிலை ஆய்வாளருக்கான ஜேஆர்எஃப் உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய், பிறகு முதுநிலை ஆய்வாளராக எஸ்ஆர்எஃப் ஆனால் 42,000. வீட்டு வாடகைப்படி தனி. பணம் சில நேரம் மாதக்கணக்கில் தாமதமாக வரும், அதற்குக் கையில் கொஞ்சம் இருப்பு வேண்டும். பிஎச்டி ஐந்து ஆறு வருடம். அதே வயதில் ஐடியில் இருக்கும் நண்பர் வீடு வாங்கியிருப்பார். மூத்த பிள்ளை, வீட்டில் உடனே பணம் வேண்டும் என்றால் முதலில் எம்.எஸ்சி.யோடு தனியார் ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்து சம்பாதித்துவிட்டு, பிறகு பிஎச்டிக்கு வாருங்கள். அப்படி வந்தவர்கள் கைவேலையில் தேர்ந்தவர்களாக இருக்கிறார்கள்.

பெண் பிள்ளைக்கு இது சரிப்படுமா?

உயிரியல் லேப்களில் பாதிக்கு மேல் பெண்களாகவே பார்க்கலாம். கஷ்டம் வருவது முப்பது வயதுக்குப் பிறகு, கல்யாணம், பிரசவம், இடமாற்றம் சேர்ந்து வரும்போது. எத்தனை திறமைசாலிகள் அங்கே நின்றுபோனார்கள் என்று நினைத்தால் இன்றும் ஆறுவதில்லை. இடைவெளி விழுந்தவர்கள் திரும்ப வருவதற்கு மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையான டிபிடியின் பயோகேர் போன்ற திட்டங்கள் உண்டு. விண்ணப்பியுங்கள். பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்: மாப்பிள்ளை வீட்டில் பேசும்போது பெண்ணின் வேலை நேரத்தையும் மறைக்காமல் பேசிவிடுங்கள்.

நிலவேம்பு இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று வீட்டில் கேட்கிறார்கள்.

நம் மருத்துவ மரபை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆர்ட்டெமிசினினே பழைய சீன மருத்துவ நூலிலிருந்து வந்ததுதான். 1967ல் சீன அரசு தொடங்கிய ரகசியத் திட்டத்தில் து யூயூ என்ற பெண் விஞ்ஞானி சேர்க்கப்பட்டார். நான்காம் நூற்றாண்டில் கே ஹோங் எழுதிய குறிப்பில், மூலிகையைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து குடி என்றிருந்தது, காய்ச்சு என்று இல்லை. சூடு பட்டால் மருந்து கெடுகிறதோ என்று அவருக்குத் தோன்றியது. குறைந்த வெப்பத்திலேயே கொதிக்கும் ஈத்தரை வைத்துப் பிரித்தபோது, 1971ல், எலியில் ஒட்டுண்ணி முழுதாக ஒழிந்தது. 2015ல் நோபல் பரிசு. ஓலையில் இருப்பதைப் படித்தது ஒரு பாதி, சோதித்து, எதில் வேலை செய்கிறது, எவ்வளவு கொடுக்கலாம் என்று அளந்தது மறுபாதி. பத்மநாபனின் குழு நம் மஞ்சளின் குர்குமினை ஆர்ட்டீத்தரோடு சேர்த்து எலிகளில் சோதித்ததும் இந்த வழியில்தான். சித்த மருத்துவம் படித்த பிள்ளைகள் இந்த மறுபாதியையும் கற்றுக்கொண்டு வந்தால் எவ்வளவோ செய்யலாம்.

ஆனால் காய்ச்சல் வந்த குழந்தைக்கு நிலவேம்புக் கஷாயத்தை மட்டும் கொடுத்துவிட்டுக் காத்திருக்காதீர்கள். ஃபால்சிபாரமாக இருந்தால் இரண்டே நாளில் மூளையைத் தாக்கலாம். அன்றைக்கே ரத்தம் எடுத்துப் பாருங்கள்.

தடுப்பூசி வந்துவிட்டதே?

ஆர்டிஎஸ்,எஸ் தடுப்பூசியை 2021லும், ஆர்21ஐ 2023லும் உலக சுகாதார நிறுவனம் குழந்தைகளுக்குப் பரிந்துரைத்தது. ஆர்21 புனேயில் சீரம் நிறுவனத்தில் தயாராகிறது, நமக்குப் பெருமைதான். இரண்டும் ஃபால்சிபாரத்துக்கு மட்டும், நான்கு தவணை போட வேண்டும், முழுப் பாதுகாப்பும் தராது. கொசுவலை, தடுப்பூசி, மருந்து மூன்றும் சேர்ந்துதான் இந்த நோயை இறக்கும்.

ஏஐ எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிடாதா?

எங்கள் லேபிலும் பயன்படுத்துகிறோம். ஒட்டுண்ணிப் புரதத்தின் வடிவத்தைப் பார்க்க முன்பு வருடக்கணக்கில் படிகம் வளர்க்க வேண்டும், இப்போது ஆல்ஃபாஃபோல்ட் என்ற ஏஐ நிரல் பல புரதங்களுக்கு நல்ல ஊகத்தை உடனே தருகிறது. ஆனால் ஃபால்சிபாரத்தின் ஐயாயிரத்துச் சொச்சம் மரபணுக்களில் கணிசமானவை என்ன வேலை செய்கின்றன என்றே இன்னும் தெரியவில்லை. கணினிக்குக் கற்றுக்கொடுக்கத் தரவு வேண்டும், அந்தத் தரவு ஸ்லைடிலிருந்தும் தட்டிலிருந்தும்தான் வர வேண்டும்.

நீங்கள் கண்டுபிடித்த மருந்து எது? கடையில் கிடைக்குமா?

கிடைக்காது. என் கை பட்ட காம்பவுண்டுகளில் எதுவும் இதுவரை மருந்துக்கடைக்கு வரவில்லை. இந்தத் துறையில் ஓய்வு பெறும் பெரும்பாலோரின் நிலை இதுவே. எங்கள் குழு வெளியிட்ட, கைவிட்ட காம்பவுண்டுகளின் விவரங்களை வேறு நாட்டு லேப்கள் எடுத்து மேலே போயிருக்கின்றன. எந்த வழி போகக் கூடாது என்று நாங்கள் எழுதியதைப் படித்து ஒருவர் இரண்டு வருடத்தை மிச்சப்படுத்தியிருக்கிறார், கடிதம் எழுதிச் சொன்னார். தோற்ற சோதனைகளையும் வெளியிட வேண்டும் என்று நான் எல்லோரிடமும் மன்றாடுவது இதற்காகத்தான். எம்எம்வி 400 காம்பவுண்டுகள் கொண்ட மலேரியா பெட்டியை உலக லேப்களுக்கு இலவசமாக அனுப்பியபோது, விளைவுகளைப் பொதுவில் வைக்க வேண்டும் என்று மட்டும் கேட்டது. அப்படி நடந்தால்தான் இந்த நோய்க்கு வழி பிறக்கும்.

விடுமுறையில் உங்கள் லேப் போன்ற இடத்தில் வேலை பார்க்க என்ன செய்ய வேண்டும்?

இந்தியாவின் அறிவியல் அகாடமிகள் மூன்றும் சேர்ந்து நடத்தும் கோடைகால ஆராய்ச்சி உதவித்தொகைக்கும், ஜவாஹர்லால் நேரு மையத்தின் கோடைத் திட்டத்துக்கும் முந்தைய வருட இறுதியிலேயே விண்ணப்பம் தொடங்கிவிடும். கவனித்துக்கொண்டே இருங்கள். நேரடியாக மின்னஞ்சல் எழுதினால் ‘மதிப்பிற்குரிய ஐயா’ என்று எல்லோருக்கும் ஒரே கடிதத்தை அனுப்பாதீர்கள், அது பார்த்தவுடன் தெரிந்துவிடும். அந்த லேபின் ஒரு கட்டுரையைப் படித்து, அதில் புரியாத ஓர் இடத்தைக் கேளுங்கள். நான் அப்படிப்பட்ட கடிதத்துக்குப் பதில் போடாமல் இருந்ததில்லை.

குறைந்தது எட்டு வாரம் தங்கும்படி வாருங்கள். கல்ச்சரைச் சாகவிடாமல் வளர்க்கப் பழகவே முதல் சில வாரம் போய்விடும். மனித ரத்தத்தைக் கையாளும் லேப்களில் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி கேட்பார்கள். மூன்று தவணை முடிய ஆறு மாதம் ஆகும், அதனால் விண்ணப்பம் போடும் மாதத்திலேயே முதல் ஊசியைப் போட்டுக்கொள்ளுங்கள்.